தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு வைட்டமின் டி: கிளினிக்கில் கேட்டுப் பெறுங்கள்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிள்ளை பெற்றவர்களின் வீட்டுக்கு அரசாங்க கிளினிக் மிஸ்ஸி (தாதி) வருவார். காமாலை இருக்கிறதா, தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். வைட்டமின் டி சொட்டு மருந்து பற்றி அப்போதே கேட்டுவிடுங்கள். அது தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தானாக வந்து சேராது.

தாய்ப்பாலில் கால்சியத்துக்குக் குறைவில்லை. வைட்டமின் டி-தான் பெரும்பாலும் லிட்டருக்கு 50 யூனிட்டுக்கும் கீழே. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் வேண்டும். அது இல்லாவிட்டால் குடித்த பாலிலுள்ள கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. இரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கினால் கைக்குழந்தைக்கு வலிப்பே வரலாம். குறைபாடு நீடித்தால் மணிக்கட்டு புடைக்கும், பல் தாமதமாகும், நடக்கும் வயதில் கால் வளையும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாற வேண்டியதில்லை, சொட்டு மருந்து போதும்.

நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பத்தியம் முடியும்வரை தாயையும் பிள்ளையையும் வாசல்படி தாண்ட விடாதவர்களும் அவர்களேதான்! கண்ணாடி ஜன்னல் வழியே விழும் வெயிலில் வைட்டமின் டி உண்டாகாது. கருத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் பட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை அப்படி நேர் வெயிலில் காட்டவும் கூடாது. கர்ப்பத்தில் தாய்க்குக் குறைவாக இருந்தால் பிள்ளையின் சேமிப்பும் குறைவுதான். ஆகவே தாய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்.

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் பிள்ளையின் தடுப்பூசி இலவசம். உடம்புக்கு முடியாமல் போனால் 1 ரிங்கிட். மருந்தும் அதில் அடக்கம். இந்தச் சலுகைக்குப் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் தேவை. பிறப்பை 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தாய்க்கு 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். கிளினிக் தேதிகளைத் தவறவிடாமல் போய்வர அது உதவும்.

பார்மசியில் வாங்குவதானால் புட்டியைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். சில மருந்தில் ஒரே சொட்டில் 400 யூனிட். வேறு சிலவற்றில் அதே 400 ஒரு மில்லியில். இரண்டையும் மாற்றி, சொட்டு மருந்தை மில்லிக் கணக்கில் ஊற்றினால் பல மடங்கு ஏறி, சிறுநீரகத்தையே பாதிக்கும். புட்டியை மிஸ்ஸியிடமே காட்டி, அளவைப் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கை கால் வெட்டி இழுத்தாலோ, கண் செருகினாலோ கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.