பைபாஸ் சந்திப்பில் சைக்கிள்: ஆபத்து பாலத்தில் இல்லை, ரேம்ப்பில் இருக்கிறது

சேலத்தில் வடக்கு தெற்காக ஓடும் 44, கொச்சிக்குக் கிளம்பும் 544, உளுந்தூர்பேட்டைக்குப் போகும் 79 என மூன்று தேசிய நெடுஞ்சாலைகள் ஊரைத் தொட்டுப் போகின்றன. கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் தறிக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளில்தான் இந்தச் சாலைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

நேராகப் போகும் சைக்கிளை, நெடுஞ்சாலையிலிருந்து இடதுபுறம் பிரியும் கிளைச்சாலையான ரேம்ப்தான் வெட்டுகிறது. ஐந்தரை மீட்டர் அகல ரேம்ப்பை, நின்ற இடத்திலிருந்து மிதித்துக் கடக்கச் சுமார் 6 விநாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அதற்குள் 100 மீட்டர் வந்துவிடும். வளைவிலோ, ஓரம் கட்டிய லாரிகளுக்குப் பின்னாலோ 100 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வேகத்தை 30 ஆக்கினால் 50 மீட்டர் தெரிந்தால் போதும். அதனால் முதல் வேலை, ரேம்ப் பிரியும் வாயை இறுக்கி வளைவைக் கூர்மையாக்குவது. “மெதுவாகச் செல்லவும்” என்று பலகை மட்டும் வைத்தால் வேகம் குறையாது. அகலமான வளைவு இருந்தால் ஓட்டுநர் அதற்கேற்ற வேகத்தில்தான் வருவார்.

கடக்கும் இடம் ரேம்ப்புக்குச் செங்குத்தாக, பிரியும் வாயிலிருந்து ஒரு கார் நிற்கும் தூரம், அதாவது சுமார் 6 மீட்டர் உள்ளே இருக்கட்டும். அங்கே 10 செ.மீ. உயர்த்திய தட்டையான மேடை போட்டால் வண்டி தானாகத் தணியும். நடுவில் நிற்கும் திட்டு 2.5 மீட்டராவது வேண்டும். சைக்கிளின் நீளமே 1.8 மீட்டர், திட்டு ஒரு மீட்டர்தான் என்றால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

ரேம்ப்பும் சாலையும் பிரியும் முக்கோணத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி ஏறாத இடம் என்பதால் மணல், கண்ணாடிச் சில், வெடித்த டயரின் கம்பி எல்லாம் அங்கேதான் சேரும். சைக்கிள்காரர் ஒதுங்குவதும் அங்கேதான். வாரம் ஒருமுறை கூட்டினாலே பல சறுக்கல்களைத் தவிர்க்கலாம். வடிகால் மூடியின் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும்.

சாலைக்கு மேலே சைக்கிள் பாலம் கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட வேண்டும். லாரி போக 5.5 மீட்டர் விட்டு, தளத்தையும் சேர்த்தால் ஆறரை மீட்டர் ஏற வேண்டும். 20-க்கு 1 சரிவில் ஒவ்வொரு பக்கமும் 130 மீட்டர் ஏற்றம். சுமையோடு யார் ஏறுவார்கள்? சுரங்கவழிக்கு இரண்டரை மீட்டர் உயரம் போதும். ஆனால் விளக்கும் தண்ணீர் வடியும் வழியும் கட்டாயம். ஐப்பசி மழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் சனம் திரும்ப மேலே ஏறிக் குறுக்கே ஓடும்.

ராங் சைடில் வருபவர்களைத் திட்டுகிறோம். அடுத்த திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப பத்து நிமிடம் கூடுதலாக மிதிக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ரேம்ப் பிரியும் முனையில் நேராகப் பாயாதீர்கள். ரேம்ப்பின் இடது ஓரமாகச் சற்றுப் போய், ஒற்றைத் தடமாகக் குறுகும் இடத்தில் இறங்கி நின்று, தலையைத் திருப்பிப் பார்த்துக் கடங்கள். திரும்பும் லாரியின் இடப்பக்கம் நுழைய வேண்டாம், பின்சக்கரம் உள்வாங்கும். கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடலில் மஞ்சள் ஒட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் வெளிச்சம் சட்டென்று கண்ணில் படும்.

கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு எழுதினால் “பைபாஸ் ஆபத்தாக உள்ளது” என்று மட்டும் எழுதாதீர்கள். கிலோமீட்டர் கல் எண், எந்த ஊர் நோக்கிய ரேம்ப், எத்தனை மணிக்கு எத்தனை சைக்கிள் கடக்கிறது என்று ஒரு மணி நேரம் நின்று எண்ணி எழுதுங்கள்.