தன்னன்பு: சொல்லும் பொருளும்

'செல்ஃப் லவ்' என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் சுயகாதல், தற்காதல், சுயநேசம், தன்னன்பு என்று ஆளுக்கொரு சொல்லைக் கையாளுகிறார்கள். சொல் பலவாக இருப்பதில் தவறில்லை. படிக்கிறவர் மனத்தில் எழும் பொருளும் பலவாக இருப்பதுதான் சிக்கல். ஒருவருக்கு அது தன்னை மெச்சிக்கொள்வது. இன்னொருவருக்கு யாரைப் பற்றியும் கவலைப்படாமல் தன் வழியே போவது. பலருக்கு அது சுயநலத்துக்கு இட்ட நாகரிகப் பெயர். உறவுக்கு அடித்தளம் என்று நாம் சொல்லும் ஒன்று, கேட்பவர் காதில் உறவுக்குப் பகையாக விழுகிறது.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. கிரேக்கர்கள் இதை 'ஃபிலாவ்ட்டியா' என்றார்கள். ஃபிலியா என்றால் நட்பன்பு. ஆவ்ட்டோஸ் என்றால் தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் 'நிகோமாக்கிய அறவியல்' என்ற நூலின் 9ஆம் பகுதியில் கேள்வியை நேராகவே எழுப்புகிறார்: ஒருவன் தன்னை மிகுதியாக நேசிக்கலாமா, பிறரையா? அவர் விடை, தன்னை நேசிப்பவர் இருவகை என்பது. பணம், புகழ், உடலின்பம் ஆகியவற்றில் தனக்கே பெரும்பங்கு வேண்டும் என்று பிடுங்குபவன் ஒரு வகை. அவனைப் பழிப்பது சரியே. தன்னிடம் உள்ள மேலானதை நேசித்து அதற்கேற்ப நடப்பவன் மற்றொரு வகை. தன்னை நேசிப்பவன் என்ற பெயருக்கு உண்மையில் உரியவன் இவனே. நண்பனிடம் நாம் காட்டும் அன்பின் இயல்புகள் நம்மிடம் நாம் கொண்ட உறவிலிருந்து வருவன என்றும் அவர் அதே பகுதியில் சொல்கிறார்.

பிற்கால ஐரோப்பாவில் இந்தப் பிரிவினை வேறு வேறு உருவில் வந்தது. 1755இல் தத்துவ அறிஞர் ரூசோ, தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பான அன்பு வேறு, பிறரோடு ஒப்பிட்டு எழும் தன்முனைப்பு வேறு என்று இரண்டு பிரெஞ்சுச் சொற்களால் பிரித்தார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1914இல் நார்சிசம், அதாவது தன்மீதே மயங்கிக் கிடக்கும் நிலை, பற்றி எழுதிய பிறகு உளவியலின் கவனம் நோய்ப் பக்கம் சாய்ந்தது. அதை நிமிர்த்தியவர்களில் உளவியலாளர் எரிக் ஃப்ரோம் முக்கியமானவர். 1939இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: சுயநலமும் தன்னன்பும் ஒன்றல்ல, எதிரெதிரானவை. சுயநலக்காரன் தன்னை அளவுக்கு மீறி நேசிப்பவன் அல்லன், போதுமான அளவு நேசிக்காதவன். உள்ளே இருக்கும் வெறுமையை நிரப்பத்தான் கண்டதையெல்லாம் அள்ளுகிறான்.

தமிழில் இதற்கு வேர் தேட நெடுந்தொலைவு போக வேண்டாம். குறள் 209:

தன்னைத்தான் காதலன் ஆயின் எனைத்தொன்றும்
துன்னற்க தீவினைப் பால்.

தன்னைத் தானே காதலிப்பவன் ஆனால், எவ்வளவு சிறியதானாலும் தீய செயலின் பக்கம் நெருங்க வேண்டாம் என்பது பொருள். 'துன்னற்க' என்றால் நெருங்கற்க. குறள் நிற்கும் இடம் தீவினையச்சம் என்ற அதிகாரம். மூன்று குறளுக்கு முன்பு, தனக்குத் துன்பம் வேண்டாம் என்பவன் பிறருக்குத் தீயன செய்யற்க என்று சொல்லிவிட்டுத்தான் வள்ளுவர் இங்கே வருகிறார். ஆகவே இங்கே தீவினை என்பது பிறருக்கு நாம் செய்வது. அதைத் தடுக்க அவர் துணைக்கு அழைப்பது, நம்மிடம் நமக்கு இருக்கும் காதலை! 'உன்னை விட்டுவிட்டு அடுத்தவரை நினை' என்று அவர் சொல்லவில்லை. உன்னை நீ உண்மையாக நேசித்தால் அடுத்தவருக்குத் தீங்கு செய்ய மாட்டாய் என்கிறார்.

வள்ளுவர் தன்னைப் பற்றிய எல்லா நினைப்புக்கும் இப்படி வழிவிட்டவர் அல்லர். 'வியவற்க எஞ்ஞான்றும் தன்னை' என்கிறது குறள் 439. 'தன்னை வியந்தான் விரைந்து கெடும்' என்று முடிகிறது குறள் 474. தன்னைக் காதலிக்கலாம், தன்னை வியக்கக் கூடாது. இதைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டைச் சொன்னவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தன்னை வியப்பவனுக்குப் பார்வையாளர் வேண்டும், தனக்குக் கீழே வைக்க ஓர் ஆள் வேண்டும். காதலுக்கு அவை தேவையில்லை. நேசிக்கும் பொருள் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறை போதும்.

வள்ளுவர் சொல்லையே எடுத்துத் 'தற்காதல்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இலக்கணம் இடம் தரும்: 'தன்' என்ற சொல்லோடு வல்லினம் சேர்ந்தால் தற்காப்பு, தற்பெருமை என்று ஆவது போலத்தான் இதுவும். ஆனால் பழந்தமிழில் பெற்ற மகன்மேல் வைத்த பாசத்துக்கும் வழங்கிய 'காதல்', இன்று இணையர் காதலாகச் சுருங்கிவிட்டது. அதனால் தற்காதல் என்றதும் நீரில் தன் உருவம் கண்டு மயங்கிய, கிரேக்கப் புராணத்து நார்சிசஸ்தான் நினைவுக்கு வருகிறான். அந்த நிலைக்கே அச்சொல்லை விட்டுவிடலாம். 'தன்னன்பு' என்பதில் இந்த நிழல் இல்லை. தன்+அன்பு, தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி தன்னன்பு.

உறவில் இது எங்கே தெரிகிறது? அனுப்பிய செய்திக்கு மாலைவரை பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தன்னன்பு வற்றியவர் மனத்தில் அதற்குள் ஒரு விசாரணையே நடந்து முடிந்துவிடுகிறது. நேற்றுச் சொன்னது பிடிக்கவில்லையோ, நான் சலித்துப்போய்விட்டேனோ? அடுத்தடுத்து மூன்று செய்திகள் போகின்றன. கடைசியில் செய்யாத தவறுக்கு ஒரு மன்னிப்பு. எதிர்முனையில் இருந்தவருக்கு வேலை மும்முரம், அவ்வளவுதான். இதுவே வழக்கமானால், 'நீ நல்லவள்தான், உன்மேல் எனக்குக் கோபமில்லை' என்று நாள்தோறும் சான்று தர வேண்டிய கடமை அவர் தலையில் ஏறுகிறது. அன்பு செலுத்தவே அவருக்கு அலுப்பு வந்துவிடும்.

மன்னிப்புக் கேட்க முடியாத ஆளையும் பாருங்கள். 'நேற்று எல்லார் முன்னாலும் என் பேச்சை வெட்டினாயே, வலித்தது' என்கிறார் துணை. 'ஆமாம், வெட்டினேன், தப்புதான்' என்று சொல்ல, தப்புச் செய்தாலும் நான் நேசிக்கத் தக்கவன் என்ற நிலம் காலடியில் இருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு ஒரு சின்னக் குறைகூட முழு ஆளையும் தள்ளிவிடும் அடியாகத் தெரிகிறது. உடனே, 'நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ?' என்று பாய்கிறார். பார்ப்பவர் இதைத் திமிர் என்பார்கள். பெரும்பாலும் அது பயம்.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். அதைத் தமிழில் 'தற்பரிவு' எனலாம். தன்னிடம் கடுமை காட்டாமை, தவறுவது மனிதருக்குப் பொது என்று உணர்தல், வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. தன்னிரக்கம் வேறு: 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று பிறரிடமிருந்து நம்மைப் பிரித்து வைப்பது அது. தன்மதிப்பும் வேறு. வெற்றியில் ஏறித் தோல்வியில் இறங்கக்கூடியது தன்மதிப்பு. தன்னன்பின் வேலை தோற்ற நாளில்தான் தொடங்குகிறது.

'தன்னை நேசிக்காதவரால் பிறரை நேசிக்கவே முடியாது' என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இதை நான் ஏற்கவில்லை. தன்னை வெறுத்துக்கொண்டே பிள்ளைகளை உயிராக வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் அன்பு பொய்யல்ல; அதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் அதிகம். தன்னன்பு தனியறையில் பயிற்சி செய்து முடித்துவிட்டு வெளியே எடுத்து வருவதும் அல்ல. சிறுவயதில் யாரோ நம்மைப் பரிவோடு பார்த்த பார்வையிலிருந்து தொடங்குவது அது. கிடைக்காதவர்களுக்கு ஒரு நல்ல நட்பிலோ இல்லறத்திலோ பிற்பாடு வாய்ப்பதும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறவில் அடியும் வசையும் பட்டவரிடம் 'உனக்குத் தன்னன்பு போதாது' என்று சொல்வது கொடுமை. குற்றம் அடித்தவருடையது.

பெயர்ச்சொல்லாகத் தன்னன்பு நன்றாக நிற்கும். ஆளைப் பார்த்துப் பேசும்போது, 'உனக்குத் தன்னன்பு வேண்டும்' என்பதைவிட 'உன்மேல் உனக்கே கொஞ்சம் பிரியம் இருக்கட்டும்' என்பதுதான் மனத்தைத் தொடும்.