மாத்திரை வாங்குறவங்க கணக்கு வேற, பிரஷர் அடங்குனவங்க கணக்கு வேற

2020-ல தமிழ்நாட்டுல 'ஸ்டெப்ஸ்'னு ஒரு சர்வே எடுத்தாங்க, உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி வீடு வீடாப் போய் பிரஷரும் சுகரும் பாக்குற சர்வே. பெரியவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு பிரஷர்னு வந்துச்சு, சரி, அது ஓரளவு எதிர்பார்த்ததுதான். ஆனா அவங்கள்ல பிரஷர் கட்டுக்குள்ள இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு, சுகர் இருக்கறவங்கள்ல அது கட்டுக்குள்ள இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு! இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை இலவசம்.

ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை மட்டும் பாத்தா இது தெரியவே தெரியாது. ஏன்னா அதுல வந்தவங்க பேருதான் இருக்கும். பாதில விட்டவங்களும் டெஸ்ட்டே பண்ணாதவங்களும் கணக்குல வரமாட்டாங்க, மிச்சம் இருக்கறவங்க ஒழுங்கா மாத்திரை போடுறவங்க, அப்போ ரிசல்ட் நல்லா இருக்கற மாதிரிதானே தெரியும்.

சரி ஏன் விடுறாங்க? பிரஷர் வலிக்காது, அதுதான் பிரச்சினையே. நல்லாத்தானே இருக்கேன்னு நினைக்கிற ஒருத்தர் ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறி கியூல நின்னு மாத்திரை வாங்கணும், அதுவும் மாசாமாசம், சாகுற வரைக்கும். நான் அவங்களைக் குத்தம் சொல்லமாட்டேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கற தமிழ்நாடு அரசுத் திட்டம் இதைத்தான் திருப்பிப் போட்டுச்சு. மகளிர் சுயஉதவிக் குழுல இருந்து எடுத்த தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பாப்பாங்க, விரல்ல குத்தி சுகர் பாப்பாங்க, மாத்திரையும் குடுப்பாங்க. கைல பட்டை கட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வைக்கணும், தண்ணிக்குடம் தூக்கிட்டு வந்த உடனே பாத்தா நம்பர் எகிறிடும், அந்தத் தப்பு நம்பரை நம்பி டோசும் ஏறிடும். டேட்டாவோட தரம் இந்த அஞ்சு நிமிஷத்துலதாங்க இருக்கு, அதைப் பதியுற மொபைல் ஆப்ல இல்ல.

இப்போ நோயாளிங்க லிஸ்ட் ஆஸ்பத்திரில இல்ல, வீட்டுல இருந்து தொடங்குது. யாருக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், யாரை இந்த மாசம் பாக்கல, எந்த ஊருக்கு எவ்வளவு மாத்திரை வேணும், எல்லாத்தையும் அதை வெச்சே சொல்லிடலாம்.

எனக்கு ஒரு குறை இருக்கு. பயனாளிகள் ஒரு கோடியைத் தாண்டியாச்சுன்னு 2022 கடைசிலயே விழா எடுத்தாங்க, ஆனா அது எத்தனை பேரைத் தொட்டோம்ங்கற கணக்கு, எத்தனை பேருக்கு அடங்குச்சுங்கற கணக்கு இல்ல. மாத்திரைய வாங்கி டப்பால போட்டு வெக்கறவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்கல்ல? நாட்டுல சில மாநிலங்கள்ல 2017 வாக்குல தொடங்குன உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்துல பதிவானவங்களை மூணாப் பிரிச்சாங்க: பிரஷர் 140/90-க்குக் கீழ இருக்கறவங்க, மேல இருக்கறவங்க, ஆளையே காணோம்ங்கறவங்க. மூணாவது பிரிவுல இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல போன் போகணும், மேல இருக்கறவங்களுக்கு டோசை மாத்தணும்.