படிவத்தில் இல்லாத ஒரு வரி

மலப் பரிசோதனைக்கு வரும் படிவங்களில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: வயிற்றுப்போக்கு. சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு மாதிரி வந்தது. வழக்கம்போல எங்கள் ஆய்வகத்தில் மக்காங்கி, எக்ஸ்.எல்.டி. என்ற கிருமி வளர்க்கும் ஊடகங்கள் உள்ள பிளேட்டுகளில் தேய்த்து இன்குபேட்டரில் வைத்தோம். மறுநாள் மக்காங்கி பிளேட் முழுக்க இளஞ்சிவப்புக் காலனிகள், அதாவது கிருமித் திட்டுகள். எல்லோர் குடலிலும் குடியிருக்கும் ஈ.கோலை. 'நோய்க்கிருமி வளரவில்லை' என்று எழுதப்போகும் நேரத்தில் வார்டிலிருந்து போன். "மேடம், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சேர்ந்திருக்கிறார்."

காலராவின் அடையாளமான இதை நேற்றே படிவத்தில் எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

குடல் ஒரு சந்தை. அந்தக் கூட்டத்தில் காலரா கிருமியைப் பிடிக்க டி.சி.பி.எஸ். அகார் என்ற தனி ஊடகம் வேண்டும், கேட்டால் ஒழிய நாங்கள் அதை எடுப்பதில்லை. அதிலுள்ள பித்த உப்பு பல கிருமிகளைத் தலையெடுக்க விடாது. பி.எச். 8.6 என்ற, அமிலத்துக்கு நேரெதிரான காரத்தன்மை மிச்சமிருப்பவற்றை ஒடுக்கும். காலரா கிருமிக்கோ காரம் கொண்டாட்டம். (மிளகாய்க் காரமா என்று பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் கேட்டேவிட்டார்.) அகாரிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கி, பச்சை பிளேட்டை மஞ்சளாக்கிவிடும். தயாரிக்கும்போது கொதிக்க வைத்தாலே போதும், ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் வைக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் உள்ளே வைத்து ஒரு புட்டி மீடியாவைக் கொட்டிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

அன்று புதிய மாதிரி வாங்கி, காலரா கிருமியைப் பெருக்கும் காரப் பெப்டோன் நீரில் ஆறு மணி நேரம் வைத்தோம். இந்தக் கிருமி காற்றைத் தேடி மேலே வரும். அதனால் குழாயைக் குலுக்காமல், மேல்மட்டத்திலிருந்து ஒரு லூப் (சிறு கம்பி வளையம்) அளவு எடுத்துத் தேய்த்தேன். காலையில் திறந்தால், பச்சைத் தரையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான மஞ்சள் வட்டங்கள்.

மஞ்சளைக் கண்டதும் காலரா என்று எழுதிவிட முடியாது. காலரா கிருமியின் உறவுகளான வேறு சில விப்ரியோக்களும் மஞ்சளாக்கும். சாதாரண அகாரில் மீண்டும் வளர்த்து, ஆக்சிடேஸ் நொதி இருக்கிறதா என்று சோதித்து, காலரா கிருமியின் ஓ1 வகையை அடையாளம் காட்டும் எதிர்ச்சீரத்தில் திரள்கிறதா என்று பார்த்த பிறகே வார்டுக்குச் சொன்னோம்.

பக்கத்து வீட்டுக்காரரின் பிளேட் பச்சையாகவே இருந்தது. விசாரித்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதுவும் படிவத்தில் இல்லை.