முகத்துக்கு ஒரு சும்மாடு

1959 நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் மாண்ட்ரியல் கனேடியன்ஸும் நியூயார்க் ரேஞ்சர்ஸும் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தன. ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் அடித்த ரப்பர் வட்டு, மாண்ட்ரியல் கோல் கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தில் வந்து மோதியது. மூக்கிலிருந்து உதடு வரை கிழிந்துவிட்டது. உள்ளே அழைத்துப்போய் ஏழு தையல் போட்டார்கள்.

அன்றைக்கு அணிகள் இரண்டாவது கோல் கீப்பரைக் கூடவே அழைத்து வருவதில்லை. கோல் கீப்பருக்கு அடிபட்டால் ஆட்டம் காத்திருக்கும். தையல் போட்டுக்கொண்டு அவரே திரும்பி வருவார். அதுதான் வழக்கம். பிளான்டும் சுமார் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். ஆனால் வந்தவரின் முகத்தைக் காணவில்லை. கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு துளை விட்டு, வெளிறிய எலும்பு நிறத்தில் ஒரு ஓடுதான் தெரிந்தது. மாண்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது.

அந்த ஓடு முகத்தை எப்படிக் காப்பாற்றுகிறது? மூன்று மில்லிமீட்டர் தடிமன், 400 கிராம் எடை. பார்த்தால் பொம்மை முகம் மாதிரிதான் இருக்கும். அதை நம்பி ஒரு மனிதன் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வட்டுக்கு முன்னால் எப்படிக் குனிந்து நின்றான்?

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். பிளான்ட் 1929 ஜனவரி 17 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஷாவினிகன் பக்கம் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். வீட்டில் பணம் கிடையாது. முதல் மட்டையை அப்பாவே மர வேரைச் செதுக்கிச் செய்து கொடுத்தார். அம்மா பின்னல் வேலை சொல்லிக் கொடுத்தார். பிளான்ட் பெரிய வீரரான பிறகும் தன் கம்பளித் தொப்பியைத் தானே பின்னிப் போட்டுக்கொண்டார். சிறு வயதிலேயே ஆஸ்துமா. சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு நெடுநேரம் ஓட முடியாது, மூச்சு வாங்கும். அதனால்தான் கோல் வலை முன்னால் போய் நின்றார். அப்படி வந்து சேர்ந்தவர், மாண்ட்ரியல் அணி 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது வலையைக் காத்தார். அந்த ஐந்து ஆண்டும் சிறந்த கோல் கீப்பிங்குக்கான வெசினா கோப்பையும் அவருக்குத்தான்.

இப்போது வட்டுக்கு வருவோம். பெயர் பக். வல்கனைஸ் செய்த கெட்டி ரப்பர். விட்டம் 7.6 சென்டிமீட்டர், தடிமன் 2.5 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம் வரை. கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறத்தாழ இதுதான். ஒரு வித்தியாசம், பந்துக்கு விளிம்பு கிடையாது. வட்டுக்கு உண்டு. இன்னொன்று, ஆட்டத்துக்கு முன் வட்டை உறைய வைப்பார்கள். சாதாரண வெப்பநிலையில் ரப்பர் துள்ளும், பனித்தரையில் ஒழுங்காகச் சறுக்காது. உறைந்தால் துள்ளல் அடங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். ஆடுகிறவர்களுக்கு வசதி, முகத்துக்கு ஆபத்து. ஏனென்று சற்று நேரத்தில் தெரியும்.

வேகத்துக்குக் காரணம் 1950களில் பரவிய ஸ்லாப் ஷாட். மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி அடிக்கும்போது, அது நேராக வட்டில் படுவதில்லை. வட்டுக்குச் சற்றுப் பின்னால் பனித்தரையில் மோதி, வில் மாதிரி வளைகிறது. வளைந்த மட்டைக்குள் சேர்ந்த ஆற்றல், அது நிமிரும்போது வட்டுக்குள் பாய்கிறது. வெறும் கைவலுவால் இந்த வேகம் வராது. இதைப் பரப்பியவர்களில் ஒருவர் பிளான்டின் அணித்தோழர் பெர்னி ஜெஃப்ரியான். அதாவது எதிரணி வருவதற்கு முன்பே, தினமும் பயிற்சியிலேயே பிளான்டுக்கு இந்த அடி விழுந்தது. அவருடைய இரண்டு கன்ன எலும்புகளும் பயிற்சியில்தான் முறிந்தன.

வட்டு நொடிக்கு 40 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 144 கிலோமீட்டர். பனித்தரையில் குறுக்கே, வலையிலிருந்து அன்று 18 மீட்டர் தூரத்தில் இருந்த நீலக்கோட்டிலிருந்து அடித்தால் 0.45 நொடியில் வந்துவிடும். ஆறு மீட்டரிலிருந்து அடித்தால் 0.15 நொடி. கண்ணில் பட்டதற்கு உடம்பு அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். பக்கத்திலிருந்து அடித்தால் முகத்தைத் திருப்ப நேரமே கிடையாது. அதோடு கோல் கீப்பர் முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, வீரர்களின் கால்களுக்கு இடையே வட்டைத் தேடிக்கொண்டிருப்பார். வட்டு பறக்கும் உயரத்துக்கு முகத்தைத் தானே கொண்டுபோய் வைக்கிறார் என்று சொல்லலாம்.

சரி, வட்டு மோதும்போது என்ன நடக்கிறது? 170 கிராம் எடையை 40 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் உந்தம் 6.8 கிலோகிராம் மீட்டர்/நொடி. வட்டு நிற்க வேண்டுமானால் இந்த உந்தம் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதுதான் கேள்வி. ஆயிரத்தில் ஒரு நொடியில் நின்றால் சராசரி விசை 6,800 நியூட்டன். கிட்டத்தட்ட 690 கிலோ பாரத்தை ஒரு கணம் முகத்தில் வைத்து எடுத்த மாதிரி. அதே வட்டு ஆயிரத்தில் மூன்று நொடி எடுத்துக்கொண்டு நின்றால் விசை மூன்றில் ஒரு பங்குதான். கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது இதற்காகத்தான். வட்டை உறைய வைத்தால் ஏன் ஆபத்து என்பதும் இதிலேயே இருக்கிறது. கெட்டியான பொருள் நசுங்காது, நேரம் கொடுக்காது, விசை ஏறும்.

இரண்டாவது விஷயம் பரப்பு. வட்டின் விளிம்பு முகத்தில் படும் இடம் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். அத்தனை விசையும் அந்த ஒரு புள்ளியில் இறங்கினால் தோல் கத்தி பட்டது மாதிரி பிளக்கும். முகத்தின் எலும்புகள் எல்லாம் ஒரே வலுவும் கிடையாது. மூக்கெலும்பு மிக மெல்லியது, சீக்கிரம் முறியும். கன்ன எலும்பு அதைவிடத் தேவலை. நெற்றி எலும்பு மூக்கெலும்பைவிடப் பல மடங்கு தாங்கும்.

தலையில் பாரம் சுமப்பவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வார்கள். குடத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. ஆனால் உச்சந்தலையில் ஓரிடத்தில் குத்த வேண்டிய பாரம், சும்மாட்டின் வளையம் முழுக்கப் பரவுகிறது. அதனால்தான் மைல் கணக்கில் நடக்க முடிகிறது. பிளான்ட் அணிந்த ஓடு செய்ததும் இதே வேலைதான். வட்டு எங்கே பட்டாலும், விறைப்பான ஓடு அந்த விசையை நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்குமாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தாங்க வேண்டியதை ஐம்பது சதுர சென்டிமீட்டர் தாங்கினால் அழுத்தம் ஐம்பதில் ஒரு பங்கு. மூக்குக்கு வரவேண்டிய அடியில் பெரும்பகுதியை வலுவான நெற்றி வாங்கிக்கொள்கிறது.

இதற்கு ஓடு விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிபட்ட இடம் மட்டும் உள்ளே அமுங்கிவிடும். 1930இல் மாண்ட்ரியல் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட் தோலால் செய்த கவசம் ஒன்றைச் சில ஆட்டங்களுக்குப் போட்டுப் பார்த்தார். அதன் மூக்குப் பகுதி பார்வையை மறைத்தது. கழற்றிவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த லீக்கில் யாரும் நிரந்தரமாக எதையும் முகத்தில் மாட்டவில்லை. சரியான பொருள் கையில் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பொருளைக் கொண்டுவந்தவர் பில் பர்ச்மோர். ஃபைபர்கிளாஸ் கனடா நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். 1958இல் ஓர் ஆட்டத்தில் பிளான்டின் நெற்றியில் வட்டு பட்டதை நேரில் பார்த்தார். மறுநாள் அலுவலகத்தில் ஃபைபர்கிளாஸில் செய்த பொம்மைத் தலை ஒன்று கண்ணில் பட, இதையே முகத்துக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. பிளான்டுக்கு எழுதினார். மாண்ட்ரியல் பொது மருத்துவமனையில் முகத்தை அச்செடுத்தார்கள். தலையில் ஒரு ஸ்டாக்கிங்கை மாட்டி, முகமெல்லாம் வாஸ்லின் தடவி, மூச்சுக்கு உறிஞ்சுகுழல் வைத்து, மேலே பிளாஸ்டர் மாவைப் பூசினார்கள். ஆஸ்துமாக்காரர், குழல் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, மாவு இறுகும் வரை அசையாமல் படுத்திருந்தார். அவருடைய கோப்பைகளைவிட இந்தக் காட்சிதான் எனக்கு மனதில் நிற்கிறது.

அந்த அச்சின் மேல் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்த கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டி இறுக விட்டார்கள். நம் கடற்கரைகளில் நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே பொருள்தான். கண்ணாடி என்றால் உடையுமே என்று தோன்றும். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள். ஒரு கீறல் ஓடத் தொடங்கினால் தட்டு முழுக்க ஓடிவிடும். மயிரிழை அளவுக்கு மெல்லியதாக இழுத்த கண்ணாடியில் பெரிய கீறல்களுக்கு இடமே இல்லை. அதனால் இழை அபாரமான இழுவலு கொண்டது. ஆயிரக்கணக்கான இழைகளைப் பிசின் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஓரிழை அறுந்தாலும் விரிசல் அடுத்த இழைக்குத் தானாகத் தாவாது. பிசினில் திசை மாறும், இழையை உரித்துக்கொண்டு போகும், வழியிலேயே ஆற்றலை இழக்கும். லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும், முகத்தின் வளைவுக்கு வார்க்கவும் வேண்டும். இந்த மூன்றையும் அன்று சேர்த்துக் கொடுத்தது ஃபைபர்கிளாஸ்தான்.

வளைவுக்கும் பங்கு உண்டு. வட்டு நேர்க்குத்தாகப் பட்டால் உந்தம் முழுதும் இறங்கும். ஓட்டின் பரப்போடு 30 டிகிரி சாய்வாகப் பட்டால், குத்தும் திசை வேகம் பாதிதான், அந்தத் திசையில் இறங்கும் ஆற்றல் கால் பங்குதான். மீதி வட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடும்.

இவ்வளவு இருந்தும் பயிற்சியாளர் டோ பிளேக் பயிற்சியில் மட்டும்தான் அதற்குச் சம்மதித்திருந்தார். அவர் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கண் துளைகள் சிறியவை. காலடியில் கிடக்கும் வட்டை ஓட்டின் கன்னப் பகுதி மறைக்கும். ஆனால் அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது: முகத்தை மூடுகிறவன் பயந்தாங்கொள்ளி. லீக்கில் ஆறே அணிகள், ஆறே கோல் கீப்பர் வேலைகள். பயம் என்று வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று எல்லோரும் தையல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். டெட்ராய்ட்டின் டெர்ரி சாவ்சக்கின் முகத்தில், கவசம் போடும் வரை விழுந்தவை 400 தையல்களுக்கு மேல். பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து குதித்தால் அது தைரியமா என்று பிளான்ட் கேட்டதாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

அந்த நவம்பர் இரவில் அவர் பிளேக்கிடம் கவசம் இல்லாமல் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாற்று ஆள் இல்லை. காயம் ஆறும் வரை போட்டுக்கொள் என்று பிளேக் இறங்கி வந்தார். அதன் பிறகும் மாண்ட்ரியல் பல ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை. 1960 மார்ச் 8 அன்று பிளேக் கேட்டுக்கொண்டதற்காக ஒரே ஒரு ஆட்டம் கழற்றி வைத்தார். டெட்ராய்ட்டிடம் 3-0 என்று தோல்வி. மறுபடி மாட்டினார், அந்த வருடக் கோப்பையும் வந்தது. ஓர் ஆட்டத்தை வைத்து அறிவியல் பேச முடியாது, தெரியும். ஆனால் அதோடு வாதம் முடிந்துபோனது.

ஓட்டால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. 1970 மே 3, ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். 41 வயது பிளான்ட் இப்போது செயின்ட் லூயிஸ் அணியில். பாஸ்டனின் பிரெட் ஸ்டான்ஃபீல்ட் அடித்த ஷாட்டை இடையில் பில் எஸ்பொசிட்டோ மட்டையால் தொட்டுத் திசை மாற்றிவிட, வட்டு பிளான்டின் நெற்றியில், கவசத்தின் மேல் மோதியது. நினைவிழந்து விழுந்தார். கவசம் இல்லையென்றால் செத்திருப்பேன் என்று பிறகு சொன்னார்.

எலும்பு உடையவில்லை, பிறகு ஏன் நினைவு தப்பியது? சும்மாடு பாரத்தைப் பரப்பும், குறைக்காது. அந்த 6.8 உந்தம் எப்படியும் தலைக்குள் போயாக வேண்டும். ஐந்து கிலோ எடையுள்ள தலை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள், நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளப்படுகிறது. மண்டையோடு நகர்ந்துவிடும். உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை ஒரு கணம் பிந்தி நகரும். அந்தப் பிந்தலில் மூளை உள்ளேயே குலுங்கி, முறுக்கி, இழுபடுகிறது. முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஓட்டில் இதற்கு வழி இல்லை, அமுங்க இடம் இருந்தால்தான் நேரம் கிடைக்கும்.

அடுத்து வந்தவர்கள் அந்த இடத்தைத்தான் உண்டாக்கினார்கள். ஓட்டை முகத்திலிருந்து சற்றுத் தள்ளி, இடையில் நுரைப் பஞ்சு வைத்தார்கள். 1970களில் டேவ் டிரைடனும் கவசம் செய்யும் கிரெக் ஹாரிசனும் சேர்ந்து, ஓட்டின் நடுவே பெரிதாக வெட்டி இரும்புக் கம்பி வலையைப் பொருத்தினார்கள். பார்வைக் குறையும் தீர்ந்தது. இன்றைக்கு எந்த கோல் கீப்பரின் தலையில் இருப்பதும் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்தான்.

மயங்கி விழுந்த பிளான்ட் அதோடு ஓய்ந்துவிடவில்லை. அடுத்த பருவத்தில் டொராண்டோ அணிக்குப் போனார். நடுவில் 42 வயது முடிந்தது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.88 கோல்தான் விட்டார். தன் வலையை நோக்கி வந்த ஷாட்டுகளில் நூற்றுக்கு 94க்கு மேல் தடுத்தார். 1974இல் ஆண்டி பிரவுன் என்ற கோல் கீப்பர் வெறும் முகத்தோடு தன் கடைசி என்.எச்.எல். ஆட்டத்தை ஆடி முடித்தார். அவருக்குப் பிறகு அந்த வலைகளுக்கு முன்னால் வெறும் முகத்தோடு யாரும் நிற்கவில்லை.