கிராங்கும் வணக்கமும்

பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் என் பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "கிராங் வளைந்திருக்கிறது தம்பி" என்றார் பாஸ். (இந்த பாஸ் முதலாளி அல்லர், கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி. ஒல்லாந்தர் கொழும்பில் விட்டுப்போன சொல்.) கிராங் என்பது எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு. மேசையில் கிடந்ததைப் பார்த்தேன். தலை முதல் வால் வரை மடிப்பு மடிப்பாக இருந்தது. வளையாத கிராங் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நடு அச்சு நேராக இருக்க வேண்டுமாம். மற்றதெல்லாம் வளைந்தே இருக்க வேண்டுமாம்.

பழைய ஆங்கிலத்தில் 'கிராங்க்' என்பதன் அடிப்பொருளும் வளைவுதான். நெசவாளர் கருவி ஒன்றின் பெயரில் அது முதலில் தென்படுகிறது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு நோயுற்ற என்று பொருள், கூனிப்போனவர் நோயாளியானார். ஆங்கிலத்தில் கிறுக்கரையும் 'கிராங்க்' என்பார்கள். ஆனால் நம்முடைய கிறுக்குக்கும் அதற்கும் உறவில்லை, ஒலி மட்டுமே ஒற்றுமை.

கிராங்கைத் தமிழில் சிலர் 'சுழல்தண்டு' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வால்வுகளைத் திறக்கும் தண்டும் சுழல்கிறது, சக்கரத்துக்குப் போகும் தண்டும் சுழல்கிறது. கலைச்சொல் தொகுதிகள் தரும் 'வணரித்தண்டு'தான் சரி. வணர் என்றால் வளைதல். புறநானூறு 'வணர்கோட்டுச் சீறியாழ்' என்கிறது. வளைந்த தண்டுடைய சிறிய யாழ் என்பது பொருள். வணங்கு, வணக்கம் என்பவையும் இதே வேரில் பிறந்தவை. உடம்பு வளைந்தால் வணக்கம், இரும்பு வளைந்தால் வணரி.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது இந்த வளைவுதான். எஞ்சினைத் திருத்தும்போது வணரித்தண்டை 'அப்கிரேட்' செய்வதாகப் பலர் சொல்வார்கள். தேய்ந்த இடத்தை 0.25 மி.மீ. சாணை பிடித்து அதற்கேற்பத் தடித்த பெயாரிங் போடுவது வெறும் சீரமைப்பு, வளைவு மாறுவதில்லை. வார்ப்பிரும்புத் தண்டை எடுத்துவிட்டுக் காய்ச்சி அடித்த எஃகுத் தண்டைப் போட்டால் வலு கூடும், வளைவு அப்படியே இருக்கும். வளைவையே மாற்றினால்தான் எஞ்சினின் கொள்ளளவு மாறும். டொயோட்டாவின் 4ஏ, 7ஏ எஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 81 மி.மீ.தான். 4ஏயில் முளை, அதாவது பிஸ்டனின் கோல் பிடித்திருக்கும் இடம், தண்டின் மையத்திலிருந்து 38.5 மி.மீ. விலகி நிற்கிறது, பிஸ்டனின் வீச்சு, அதாவது அது மேலிருந்து கீழே ஓடும் தூரம், அதன் இருமடங்கு, 77 மி.மீ. 7ஏயில் வீச்சு 85.5 மி.மீ. அந்த விலகலில் 4.25 மி.மீ. கூடியதற்கே 1,587 சிசி 1,762 ஆகிவிடுகிறது. அதற்காக நீண்ட வீச்சுத் தண்டை 4ஏயின் உடலுக்குள் அப்படியே திணிக்க முடியாது. பிஸ்டன் அதே 4.25 மி.மீ. மேலே ஏறி வந்து, சிலிண்டர்களை மேலே மூடும் தலையை முட்டும். 7ஏயின் உடல் உயரமானதற்குக் காரணம் இதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு கொழும்பில் பழைய எஞ்சின்களைப் பிரிப்பது பெருகியது. அப்போதும் கராஜ்களில் எல்லோரும் 'கிராங்' என்றுதான் சொன்னார்கள். நானும் அங்கே அப்படித்தான் சொல்வேன். எழுதும்போது தண்டுக்கு வணரித்தண்டு, அதன் முளைக்கு வணரிமுளை, அதை மூடும் கூட்டுக்கு வணரிப்பெட்டி.