யானையும் பட்ஜெட்டும் ஒரே கேள்வியில்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் அரசாங்க வேலைத் தேர்வுக்கும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வின் பெங்காஜியான் அம் (பொது அறிவு) பாடத்துக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். நடப்பு விவகாரம் படிக்கச் சொன்னால் இரண்டு நோட்டுப் போடுகிறார்கள். ஒன்றில் சம்பளம், வரி, பட்ஜெட். இன்னொன்றில் புலி, யானை. இரண்டும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. நல்ல கேள்விகளோ அவை சந்திக்கிற இடத்தில்தான் பிறக்கின்றன.

அதற்கு முன் ஒன்று. தமிழில் 'நடப்பு நிகழ்வுகள்' என்று தேடினால் கைப்பேசியில் வந்து விழுவது பெரும்பாலும் தமிழ்நாட்டின் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கான பாடம். ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம் அங்கே மதிப்பெண் தரும். நமக்கு மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா.

யானைக்கு வருவோம். நம் வட்டாரத்தில் அது தோட்டத்துக்குள் புகுவது புதிதில்லை. மறுநடவு செய்த இளஞ்செம்பனையைப் பிடுங்கிப்போட்டு, மட்டையைக் கிழித்து, குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். 'யார் பொறுப்பு?' என்று கேட்டால், 'பெர்ஹிலித்தான் சார்' என்று சட்டெனப் பதில் வரும். சரி, விலங்குக்கு பெர்ஹிலித்தான், அதாவது கூட்டரசின் வனவிலங்குத் துறை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும்; சபா, சரவாக்கில் தனித்தனிச் சட்டம். ஆனால் யானை நடக்கிற நிலம்? கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. மரத்தை வெட்டவும் நிலத்தைத் திறக்கவும் அனுமதித்தால் மாநிலத்துக்குப் பணம் வரும். காட்டை அப்படியே விட்டுவைத்தால் என்ன வரும்?

வனவிலங்கு பொருளாதாரக் கொள்கையாக மாறுவது இந்தக் கேள்வியில்தான். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு பணம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சூழலியல் நிதிப் பரிமாற்றம் என்பார்கள். 2019 பட்ஜெட்டில் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கி, 2025 பட்ஜெட்டில் 250 மில்லியனை எட்டியது. என்னைக் கேட்டால், இந்த ஒன்றைப் புரிந்துகொள்வது பத்து விலங்குகளின் அறிவியல் பெயரை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

செம்பனையிலும் இதே கதைதான். காட்டையும் சூழலையும் கெடுக்காமல் செம்பனை பயிரிடுவதற்கான மலேசியச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023இல் வந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர், கொக்கோ உட்பட ஏழு வகைப் பொருள்களை அங்கே விற்க முடியாது. விளைந்த நிலம் எது என்று வரைபடக் குறியீட்டோடு காட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் சமாளித்துவிடும். நாலு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்தான் திணறுவார். கட்டுரையில் எழுத வேண்டியது இதை. தேதியில் மட்டும் கவனம்: நடைமுறைக்கு வரும் நாள் 2024 டிசம்பரிலிருந்து 2025க்கும், அப்புறம் 2026 டிசம்பருக்கும் தள்ளிப்போனது. அண்ணன் அக்கா விட்டுச்சென்ற நோட்டை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

2025 பிப்ரவரியில் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை யாரும் தப்பாக எழுதுவதில்லை. வீட்டில் பேசுகிற விஷயமாயிற்றே!

தப்பு நடப்பது புலியில். மலேசியக் காடுகளில் எத்தனை புலி என்றால் 500 என்று இன்னும் எழுதுகிறார்கள். அது பழைய மதிப்பீடு. 1,000 என்பது 2020க்குள் எட்ட 2008இல் வகுத்த இலக்கு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது 150க்கும் குறைவு என்று. அதோடு நிறுத்தினால், 'ஏன் குறைந்தது?' என்று அடுத்த கேள்வி வரும். கம்பிக் கண்ணி, இரைப் பஞ்சம், துண்டு துண்டான காடு என்று வரிசையாகச் சொல்லுங்கள். 'துண்டான காடு' என்றதுமே பேச்சு மாநிலத்தின் நில அதிகாரத்துக்குத் தானாக வந்துவிடும். அங்கிருந்து நிதிப் பரிமாற்றத்துக்குப் போகலாம், அதற்குள் நேரமும் முடிந்திருக்கும்.